குறைவும் குறைபாடும்: மார்பகப் புற்றுநோய் ஆய்வில் செலினியம்

கொச்சியின் தேவராவில் செலினியம் இரண்டு இடங்களில் விற்கப்படுகிறது. மீன் சந்தையில் அது பெயரின்றி விற்கப்படுகிறது. மத்தி, அயிலை, சூரை என்று கேட்டு வாங்குவோர் அதையும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டு செல்கின்றனர். மருந்துக் கடையில் அது பெயரோடு விற்கப்படுகிறது. துத்தநாகம், பீட்டா கரோட்டின், லைகோபீன் ஆகியவற்றுடன் ஒரே மாத்திரையில் அடங்கி, ‘ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி’ என்னும் பட்டத்தையும் தாங்கி நிற்கிறது. அங்கிருந்து பாலத்தைக் கடந்தால் வில்லிங்டன் தீவு. 1957இல் தொடங்கப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அத்தீவில்தான் இயங்குகிறது. மீனில் உள்ள சத்துகளை அளந்து சொல்வது அதன் பணிகளுள் ஒன்று. சந்தையில் கிடைப்பது என்ன என்பதைச் சொல்ல அறிவியல் அவ்வளவு அருகில் இருக்கிறது. மருந்துக் கடையில் கிடைப்பது யாருக்கு எதற்காக என்பதைச் சொல்வதில்தான் குழப்பம்.

அந்த மாத்திரை மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பெண்களின் வீடுகளுக்கும் சென்று சேர்கிறது. கீமோதெரபியில் முடி உதிர்ந்து, நாக்கில் சுவை மாறி, படியேறினாலே களைத்துப்போகும் ஒருவருக்கு ‘உடம்புக்குத் தெம்பு’ என்று உறவினர் ஒருவர் வாங்கித் தருகிறார். அந்த அன்பில் குற்றம் காண இயலாது. ஆனால் அந்தக் குப்பிக்குப் பின்னால் ஒரு வாக்கியம் நிற்கிறது. உயிர்வேதியியல் ஆய்வேடுகளின் முடிவுரைகளில் அது ஏறத்தாழ ஒரே வடிவில் திரும்பத் திரும்ப வரும்: மார்பகப் புற்றுநோயாளிகளின் இரத்தத்தில் செலினியமும் குளுட்டாதயோன் பெராக்சிடேசும் குறைந்துள்ளன, ஆகவே அவர்களுடைய ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு அரண் தளர்ந்துள்ளது, ஆகவே செலினியம் கொடுப்பது பயன் தரக்கூடும்.

இதில் இரண்டு ‘ஆகவே’ உள்ளன. இரண்டையுமே ஆய்வு சம்பாதிக்கவில்லை. அளவீடு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், இந்த இரண்டு இணைப்புச் சொற்களும் தாமாக உண்மையாகிவிடுவதில்லை.

முதலில் செலினியம் உடலில் என்ன செய்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியஸ் 1817இல் இத்தனிமத்தைக் கண்டறிந்து நிலவின் கிரேக்கப் பெயரைச் சூட்டினார். 1930களில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் கால்நடைகளை முடமாக்கிய நஞ்சு என்று அது அறியப்பட்டது. 1943இல் எலிகளின் கல்லீரலில் கட்டிகளை உண்டாக்குவதாக ஓர் ஆய்வு அறிவித்ததால் புற்றுநோய்க் காரணி என்ற ஐயமும் சேர்ந்தது. 1957இல் கிளாஸ் ஷ்வார்ஸும் கால்வின் ஃபோல்ட்ஸும் அதே எலிகளின் கல்லீரல் அழிவைச் சிறிதளவு செலினியம் தடுப்பதைக் காட்டினர். நஞ்சு என்று கருதப்பட்டது இன்றியமையாத சத்தானது. 1969இல் ஷாம்பர்கரும் ஃபிராஸ்டும் அது புற்றுநோயிலிருந்து காக்கக்கூடும் என்று எழுதினர். முப்பது ஆண்டுகளுக்குள் ஒரே பொருள் குற்றவாளியாகவும் காவலனாகவும் எழுதப்பட்டுவிட்டது. தனிமம் மாறவில்லை. கொடுத்த அளவும், கொடுக்கப்பட்ட உடலின் நிலையும், கேட்கப்பட்ட கேள்வியும் மாறின.

1973இல் குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் என்னும் நொதியின் செயல் மையத்தில் செலினியம் இருப்பது தெரியவந்தது. உயிரணுவில் தோன்றும் பெராக்சைடுகளை இந்நொதி நீராகவும் ஆல்கஹாலாகவும் மாற்றித் தீங்கைத் தணிக்கிறது. ‘ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி’ என்ற பட்டம் செலினியத்துக்கு இங்கிருந்துதான் வந்தது. ஆனால் வைட்டமின் சி போல அது தானே நேரில் சென்று வினைபுரிவதில்லை. செலினோசிஸ்டீன் என்னும் அமினோ அமிலமாகி, புரதத்துக்குள் கோக்கப்பட்ட பிறகே அது வேலை செய்கிறது. இத்தகைய புரதங்களுக்கான மரபணுக்கள் மனித உடலில் 25 உள்ளன. அவை அனைத்தும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பவையும் அல்ல. தைராய்டு ஹார்மோனைச் செயல்வடிவத்துக்கு மாற்றுபவையும் அவற்றுள் உண்டு.

கோக்கப்படும் முறை மொழி பயில்வோருக்கு மிக நெருக்கமானது. மரபுச் செய்தியில் யு-ஜி-ஏ என்ற மூன்றெழுத்துக் குறி வந்தால், பொதுவாக ‘இங்கே நிறுத்து’ என்று பொருள். ஆனால் அதே செய்தியின் பிற்பகுதியில் ஒரு குறிப்பிட்ட மடிப்பு இருந்தால், அதே குறி ‘இங்கே செலினோசிஸ்டீனைச் சேர்’ என்று படிக்கப்படுகிறது. 1986இல் இது வெளிப்பட்டது. ‘ஆறு’ என்பது எண்ணா நதியா என்பதைச் சூழல் முடிவுசெய்வதுபோல, முற்றுப்புள்ளியா சொல்லா என்பதைச் சூழல் முடிவுசெய்கிறது. செலினியத்தைப் பற்றிப் பேசும் எவரும் மறக்கக் கூடாத பாடம் இது. சூழலைத் துண்டித்துவிட்டால் அதற்குப் பொருளே இல்லை.

இப்போது முதல் ‘ஆகவே’. நோயாளியின் இரத்தத்தில் செலினியம் குறைவாக இருக்கிறது. ஆகவே அரண் தளர்ந்து நோய் வந்தது. தமிழில் குறைவு என்பது வேறு, குறைபாடு என்பது வேறு. குறைவு ஓர் ஒப்பீடு. இந்த எண் அந்த எண்ணைவிடச் சிறியது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. குறைபாடு ஒரு தீர்ப்பு. உடலின் தேவை நிறைவேறவில்லை, அதனால் ஒரு செயல் கெட்டிருக்கிறது என்று அது சொல்கிறது. ஒப்பீட்டிலிருந்து தீர்ப்புக்குச் செல்ல இடையில் சான்று வேண்டும்.

நோய் கண்டறியப்பட்ட பிறகு எடுக்கப்படும் இரத்தத்தில் அந்தச் சான்று கிடைப்பது கடினம். உடலில் அழற்சி இருக்கும்போது இரத்தத்தின் செலினியம் இறங்குகிறது. கல்லீரல் உண்டாக்கி இரத்தத்தில் அனுப்பும் செலினோபுரதம் பி என்னும் கடத்தியின் உற்பத்தி அப்போது தணிகிறது. பசியின்மையால் உணவு குறைகிறது. அறுவைச் சிகிச்சையும் மருந்துகளும் தம் பங்குக்கு அளவை மாற்றுகின்றன. ஆகையால் குறைவு நோயின் காரணமாக இருப்பதைவிட, நோயின் விளைவாக இருக்க இடமுண்டு. குளுட்டாதயோன் பெராக்சிடேசின் கதை இன்னும் சிக்கலானது. சிவப்பணுவில் அளப்பது ஒன்று, பிளாஸ்மாவில் அளப்பது வேறொன்று, கட்டித் திசுவில் அளப்பது மூன்றாவது. சில ஆய்வுகளில் அது நோயாளிகளிடம் குறைந்தும், வேறு சிலவற்றில் கூடியும் காணப்பட்டது. குறைந்தால் ‘அரண் தளர்ந்தது’ என்றும், கூடினால் ‘அரண் ஈடுசெய்ய முயல்கிறது’ என்றும் எழுதிவிடலாம். எந்த முடிவு வந்தாலும் தோற்காத விளக்கம் விளக்கமே அன்று.

இந்தச் சிக்கலைத் தவிர்க்க ஒரு வழி, நோய் வருமுன் அளப்பது. அமெரிக்காவில் செவிலியர்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில் 62,641 பெண்களிடமிருந்து கால்விரல் நகங்கள் சேகரிக்கப்பட்டன. நகம் மெல்ல வளர்வதால், பல மாதங்களுக்கு முன் உண்ட செலினியத்தின் கணக்கு அதில் பதிந்திருக்கும். பின்னர் அவர்களுள் மார்பகப் புற்றுநோய் வந்த 434 பேரின் நகங்களும் வராதவர்களின் நகங்களும் ஒப்பிடப்பட்டன. செலினியம் மிகுந்தவர்களுக்கு நோய் குறைவு என்று காட்ட இயலவில்லை. 1990இல் வெளியான இம்முடிவு முப்பத்தைந்து ஆண்டுகள் பழையது. ஆயினும் நோயறிந்த பின் ஐம்பது பேரின் இரத்தத்தை அளந்து எழுதப்படும் ஆய்வேடுகளில் அதற்கு ஒரு பத்திகூடக் கிடைப்பதில்லை.

செலினியத்தின் பக்கம் வலுவான சான்று இல்லையா? விலங்குகளில் உண்டு. ஷ்ராட்சரும் இஷ்மாயிலும் 1974இல் வெளியிட்ட ஆய்வில், பால்சுரப்பிக் கட்டி தானாகவே தோன்றும் சி3எச் இனச் சுண்டெலிகளின் குடிநீரில் செலினியம் கலந்தனர். கட்டி வந்தவற்றின் விழுக்காடு 82இலிருந்து 10ஆக இறங்கியது. பின்னர் கிளெமென்ட் இப் முதலியோர் எலிகளில் இதை விரிவாக ஆராய்ந்தனர். அங்கேதான் ‘அரண்’ என்னும் உவமை முறிந்தது. எலியின் உணவில் பத்து லட்சத்தில் 0.1 பங்கு அளவு செலினியம் இருந்தாலே குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் ஏறத்தாழ நிறைந்துவிடுகிறது. கட்டியைத் தடுக்கத் தேவைப்பட்டதோ அதைப்போலப் பல மடங்கு, பெரும்பாலும் பத்து மடங்குக்கும் மேல். குடம் நிறைந்த பிறகு ஊற்றிய நீர்தான் வேலை செய்தது என்றால், அந்த வேலை குடத்தினுடையது அன்று. அதாவது எலிகளில் காணப்பட்ட பாதுகாப்பு உண்மை. ஆனால் அது ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு நொதிகளால் வந்த பாதுகாப்பு என்பதற்கு அந்த எலிகளே எதிர்ச்சாட்சி. மிகையளவில் உருவாகும் மெத்தில் செலினியச் சேர்மங்கள் கட்டியணுக்களைச் சாகத் தூண்டுகின்றன என்பதே பின்னர் வலுப்பெற்ற விளக்கம்.

இனி இரண்டாவது ‘ஆகவே’. அரண் தளர்ந்துள்ளது, ஆகவே செலினியம் கொடுக்கலாம். இங்கே மனிதர்களிடம் செய்த சோதனைகள் பேச வேண்டும். லாரி கிளார்க் குழுவினர் தோல் புற்றுநோய் வந்து தேறிய 1,312 பேருக்கு நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராம் செலினியமோ போலி மாத்திரையோ கொடுத்தனர். 1996இல் வெளியான முடிவில் தோல் புற்றுநோய் குறையவில்லை. ஆனால் சோதனையின் முதன்மை நோக்கமாக இல்லாத புராஸ்டேட் புற்றுநோயும் மொத்தப் புற்றுநோய்களும் குறைந்திருந்தன. உலகம் அதைக் கொண்டாடியது. அதைச் சரிபார்க்க எழுந்த செலக்ட் என்னும் பெருஞ்சோதனையில் 35,533 ஆண்கள் சேர்ந்தனர். பயன் இல்லை என்று தெளிவாகவே, 2008இல் மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. இதற்கிடையே கிளார்க் சோதனையின் தரவுகளை மீளாய்ந்தபோது, செலினியம் உண்டவர்களிடம் நீரிழிவு கூடியிருந்தது 2007இல் வெளிவந்தது. கேரளமும் தமிழ்நாடும் நீரிழிவின் நிலங்கள் என்பதை இங்கே நினைவூட்டத் தேவையில்லை. 2018இல் காக்ரேன் மீளாய்வு இத்தகைய 10 சோதனைகளையும், அவற்றில் பங்கேற்ற 27,232 பேரையும் ஒருங்கே நோக்கி, செலினிய மாத்திரை புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று முடித்தது.

இதற்கு எதிரான சான்றையும் மறைக்கக் கூடாது. சீனாவின் லின்சியனில் 1986 முதல் 1991 வரை ஏறத்தாழ 29,600 பேரிடம் நடந்த சோதனையில், பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் மூன்றையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் மொத்த இறப்பு 9 விழுக்காடு குறைந்தது. இரைப்பைப் புற்றுநோய் இறப்பு 21 விழுக்காடு குறைந்தது. ஆனால் அவர்கள் சத்துக் குறைபாடு பரவலாக இருந்த மக்கள். இந்தியாவிலும் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள், ஆந்திரத்தில் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்போருக்கு வைட்டமின் ஏ, ரிபோஃபிளேவின், துத்தநாகம், செலினியம் நான்கையும் ஓராண்டு கொடுத்து, வாயின் புற்றுநோய்க்கு முந்திய புண்கள் தணிவதை 1995இல் வெளியிட்டனர். மதிக்கத்தக்க பணி. ஆயினும் நான்கும் ஒன்றாகச் சென்றதால், புகழை நான்காகப் பிரித்துச் செலினியத்துக்கு ஒரு பங்கு எழுதிவைக்க முடியாது. இவ்விரண்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளத்தக்க பாடம் ஒன்றுதான்: குறைபாடு உள்ள இடத்தில் கொடுத்தால் பயன் விளையலாம். அது குறைபாட்டைப் பற்றிய பாடம். மாத்திரையைப் பற்றியது அன்று.

மார்பகப் புற்றுநோயிலேயே, 2021இல் வெளியான சுவீடன் ஆய்வு ஒன்று 1,996 நோயாளிகளிடம் நோயறியும் வேளையில் செலினியத்தையும் செலினோபுரதம் பி-யையும் அளந்தது. இவை மிகக் குறைந்திருந்தவர்களிடம் இறப்பு கூடுதல். கவனத்துக்குரிய முடிவு. ஆனால் சுவீடனின் மண் செலினியம் குறைந்த மண்; அங்குள்ள பலர் குறைபாட்டின் விளிம்பில் வாழ்பவர்கள். அங்கே கண்டதைக் கடல்மீன் அன்றாட உணவாக உள்ள கொச்சிக்கு அப்படியே பெயர்த்து எழுத இயலாது. மேலும் அது தொடர்பைக் காட்டும் ஆய்வு. கொடுத்துப் பார்த்த ஆய்வு அன்று.

சிகிச்சைக் காலத்தில் கொடுப்பதில் வேறொரு அபாயமும் உண்டு. டாக்சோரூபிசின் போன்ற மருந்தும் கதிர்வீச்சும் கட்டியணுக்களைக் கொல்லும் வழிகளுள் ஒன்று ஆக்சிஜனேற்ற அழுத்தமே. செலினியத்தைக் கொண்ட ஜிபிஎக்ஸ்4 என்னும் நொதி, உயிரணுச் சவ்வின் கொழுப்புகள் பெராக்சைடாகிச் சிதைவதைத் தடுக்கிறது. அத்தடை நீங்கினால் அணு ஃபெராப்டோசிஸ் எனப்படும் இரும்பு சார்ந்த மரணத்துக்கு உள்ளாகிறது. 2012இல் இம்மரணத்துக்குப் பெயர் சூட்டப்பட்டதிலிருந்து, ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2-வும் இல்லாத மும்மறை மார்பகப் புற்றணுக்கள் இதற்கு எளிதில் ஆட்படுவதாக ஆய்வுக்கூடங்கள் காட்டிவருகின்றன. அப்படியானால் ‘அரண்’ யாருடையது? நோயாளியின் உயிரணுவுக்கும் அது அரண். கட்டியின் உயிரணுவுக்கும் அரண். ‘எதிர்ப்பி’ என்ற சொல் எதை எதிர்க்கிறது என்று சொல்லாமல் விட்டுவிடுவதால்தான் அது எப்போதும் நல்லவர் பக்கம் நிற்பதாகத் தோன்றுகிறது.

2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, கீமோதெரபி பெற்ற 1,134 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் துணைச்சத்துப் பழக்கத்தைக் கேட்டறிந்தது. வைட்டமின் ஏ, சி, ஈ, கரோட்டினாய்டுகள், கோஎன்சைம் க்யூ10 ஆகிய எதிர்ப்பிகளைச் சிகிச்சைக்கு முன்னும் சிகிச்சையின்போதும் உண்டவர்களிடம் நோய் மீளும் அபாயம் 41 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. புள்ளியியல் நோக்கில் அது உறுதிப்பட்ட முடிவு அன்று. செலினியத்தைப் பற்றி நேரடியாகச் சொல்வதும் அன்று. ஆயினும் ‘நன்மை இல்லாவிட்டாலும் தீமை இல்லையே’ என்ற ஆறுதலை அது பறித்துவிடுகிறது.

அளவின் கதையை இந்தியாவே சொல்லும். பஞ்சாபின் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் மாவட்டங்களில் செலினியம் மிகுந்த மண் உள்ள ஊர்கள் சில உண்டு. அங்கு விளையும் கோதுமை வழியாக அது உடலில் மிகுந்து, மாடுகளின் குளம்பு சிதைவதையும் மனிதர்களின் முடி உதிர்ந்து நகம் கெடுவதையும் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வயதுவந்தோருக்கு வகுத்த நாளளவு 40 மைக்ரோகிராம். கடல்மீன் 100 கிராமில் பல பத்து மைக்ரோகிராம் கிடைக்கிறது. 2008இல் அமெரிக்காவில் விற்ற ஒரு திரவத் துணைச்சத்தில், தயாரிப்புப் பிழையால் உறையில் எழுதியதைப்போல 200 மடங்கு செலினியம் இருந்து, 201 பேர் நஞ்சேறி அவதியுற்றனர். முடி உதிர்வு அவர்களுடைய முதன்மையான அறிகுறிகளுள் ஒன்று. கீமோதெரபியால் ஏற்கெனவே முடி இழந்த ஒருவருக்கு இது நேர்ந்தால், யாருக்கும் ஐயமே எழாது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே ஆய்வே வேண்டாம் என்பதன்று வாதம். கேள்வி நல்ல கேள்வி; கேட்கும் முறைதான் மாற வேண்டும். இந்தியாவில் 2022இல் மட்டும் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாக வந்ததாக உலகளாவிய மதிப்பீடு சொல்கிறது. இவ்வளவு பெரிய துயரத்துக்கு ஐம்பதுக்கு ஐம்பது என்ற சிறு ஒப்பீடுகள் போதா. கேரளத்துக்கு நெடுநாள் பின்தொடரும் ஆய்வு புதிதும் அன்று. கொல்லம் மாவட்டத்தின் கடலோரமான கருநாகப்பள்ளியில் இயற்கைக் கதிர்வீச்சின் விளைவை அறிய, திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990 முதல் ஒரு புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்திவருகிறது. மீன் உண்ணும் மக்கள், பதிவேடு, பின்தொடரும் பயிற்சி ஆகிய மூன்றும் இம்மாநிலத்தில் உண்டு. நோய் வருமுன் ஒரு நகத்துண்டைச் சேர்த்து வைக்கும் பொறுமைதான் எஞ்சியது.

சிறிய ஆய்வே செய்ய இயலும் மாணவருக்கும் செய்யத்தக்கவை உண்டு. செலினியத்தை அளக்கும்போதே அழற்சியைக் காட்டும் சி-எதிர்வினைப் புரதத்தையும் அளக்கலாம். இரத்தம் சிகிச்சைக்கு முன் எடுக்கப்பட்டதா பின்னா என்பதைத் தெளிவாக எழுதலாம். நோயாளி எத்தனை நாளுக்கு ஒருமுறை மீன் உண்கிறார், எந்த மாத்திரையை யார் சொல்லி உண்கிறார் என்று கேட்கலாம். நொதியை எந்தப் பகுதியில் அளந்தோம் என்பதைத் தலைப்பிலேயே சொல்லலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. நெறியாளர்களும் புறத்தேர்வாளர்களும் கேட்கத் தொடங்கினால் போதும்.

அனைத்துக்கும் மேலாக முடிவுரையின் அந்த வாக்கியத்தை மாற்றி எழுத வேண்டும். ‘சிகிச்சை தொடங்குமுன் எடுத்த இரத்தத்தில், இந்த நோயாளிகளின் செலினியம் ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைவாக இருந்தது. இது நோயின் விளைவா காரணமா என்பதை இவ்வாய்வு பிரித்தறியாது. இதைக் கொண்டு துணைச்சத்தைப் பரிந்துரைக்க இயலாது.’ இப்படி எழுதினால் ஆய்வேட்டின் மதிப்பு குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. உண்மையில் அதற்குப் பிறகுதான் அந்த எண்களை மற்றவர்கள் நம்பிப் பயன்படுத்த முடியும். ‘பயன் தரக்கூடும்’ என்பதிலுள்ள ‘கூடும்’ ஆய்வாளருக்கு ஒரு காப்பு. ஆனால் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறியதும் முதலில் உதிர்வது அந்தச் சொல்தான். நாளிதழில் அது ‘பயன் தரும்’ ஆகிறது. மாத்திரை உறையில் ‘காக்கும்’ ஆகிறது. வீட்டில் ‘தினமும் ஒன்று போட்டுக்கொள்’ ஆகிறது.

சிகிச்சையில் இருப்பவர் செய்யத்தக்கது எளிது. துணைச்சத்து எதுவாயினும், அதை உண்பதற்கு முன் சிகிச்சையளிக்கும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மருத்துவர் விலக்காதவரை வழக்கமான மீன்குழம்பை விட வேண்டியதில்லை. தேவராவின் சந்தையில் பெயரின்றிக் கிடைக்கும் செலினியம், தன் அளவோடும் சூழலோடும் உணவாகவே வருகிறது. மருந்துக் கடையில் கிடைப்பது ஒரு வாக்கியத்தின் துணையோடு வருகிறது. அந்த வாக்கியத்தை எழுதுபவர்கள் ஆய்வாளர்கள். அதைத் திருத்தும் பொறுப்பும் அவர்களையே சேரும்.